டோரீன் எப்படி விழுந்தாள்

டோரீன் விழுந்ததில் மரியா டீச்சருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

டோரீன் என்பது ஒரு பெயர்ப் பலகை. ஒக்கலிபுரத்தில் ரயில்வே பாலத்தைத் தாண்டியதும் வரும் தெருவில், ஒரு மூன்று மாடி மெத்தைக் கடையின் மொட்டை மாடி விளிம்பில் நின்றிருந்தது. கடைக்காரர் ஓஸ்வால்ட் தன் மனைவியின் பெயரைக் கன்னடத்தில் பெரிதாகவும் ஆங்கிலத்தில் சிறிதாகவும் இரும்பு எழுத்துகளாகச் செய்து, பக்கத்தில் ஒரு பிறை நிலாவை வைத்து, 'நிம்மதியான உறக்கத்துக்கு' என்று கீழே ஒரு வரியும் சேர்த்து, ராத்திரி முழுக்க எரிய விட்டிருந்தார். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மே மாதக் காற்றும் மழையும் ஒன்றாக வந்தபோது அந்தப் பலகை முன்பக்கமாகக் குப்புறச் சாய்ந்தது. மழைக்கு ஒதுங்கிக் கடை வாசலில் நின்றிருந்தவர் மரியா டீச்சர். நிஜ டோரீன் அந்த நேரம் உள்ளே கல்லாவில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார்.

இது நடந்து நான்கு நாளாகிறது. ஆஸ்பத்திரி வார்டில், டீச்சரின் கட்டிலருகே பாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பாமா முன்பு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். உண்மையைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு அங்கே பதவி உயர்வு கிடையாது என்று புரிந்ததும் வெளியே வந்து, சிவாஜிநகரில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். அவளுடைய ஒரே உதவியாளன் சில்வெஸ்டர். அவனுக்குக் கண்ணும் காலும் ஆபீஸ் நேரத்தில் வேலை செய்யும். வாய்க்கு மட்டும் ஓவர்டைம்.

"டீச்சர், பலகை விழறதுக்கு முன்னாடி ஏதாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள் பாமா.

"மழையில எங்கம்மா பாக்கறது? கேட்டேன்." மரியா தலையணையில் தலையைத் திருப்பினார். "இரும்பு உடையற சத்தம் கடைசியிலதான் வந்தது. அதுக்கு முன்னாடி மேல படபடன்னு அடிச்சிட்டே இருந்தது. எங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு ஷாமியானா கட்டுவாங்க. காத்து வந்தா அது அடிக்கும் பாருங்க, அந்தச் சத்தம்."

"நிச்சயமா தெரியுமா?"

"முப்பது வருஷமா பின் பெஞ்சுல யார் என்ன சத்தம் போடறான்னு திரும்பாமலே சொல்றவம்மா நான்."

வராந்தாவுக்கு வந்ததும் சில்வெஸ்டர் சொன்னான். "மேடம், விழப் போறோம்னு தெரிஞ்சதும் டோரீனுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கும்."

"இரும்பு படபடக்காது சில்வெஸ்டர்."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். வேற மாதிரி யோசிக்கிறேன்."

அவர்களை இந்த வழக்குக்குக் கூப்பிட்டவள் அனன்யா. பலகையை வடிவமைத்த என்ஜினியர் சீனிவாசராகவனின் மகள். நகரத்தில் இந்த மாதிரிப் பெரிய பலகை வைத்தால் ஒரு என்ஜினியர் அதை வடிவமைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் வந்து பார்த்து, உறுதியாக இருக்கிறது என்று சான்றும் தர வேண்டும். கடைசியாக இந்த மார்ச்சில் அவர் தந்திருந்தார். பலகை விழுந்த மறுநாளே டி.வி.யில் அவர் புகைப்படம் வந்துவிட்டது. 'கையெழுத்து போட்ட கை எங்கே' என்று அடியில் எழுதியிருந்தார்கள். நாளைக் காலை போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனால் திரும்பி வருவாரா என்பது அனன்யாவின் கவலை. அவரோ சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதுமில்லை. இன்று காலை பாமா பார்க்கப் போனபோது ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"வெறும் எழுத்தும் கம்பிச் சட்டமும்தான் நான் போட்ட டிசைன். பின்னாடி திறந்தே இருக்கும். காத்து நடுவுல பூந்து போயிடும். அதுக்குத் தகுந்த போல்ட்தான் போட்டிருக்கேன். ஒரு போர்டு விழுந்தா எவ்வளவு கனம்னு எல்லாரும் கேக்கறா. காத்து எந்த வழியா போச்சுன்னு கேக்கணும்."



"காத்து போற வழியில எதுவோ குறுக்க நின்னிருக்கு," என்றாள் பாமா. "துணி மாதிரி ஒண்ணு. அது என்னன்னு பாத்துட்டா கேஸ் முடிஞ்சுது."

"முடிஞ்சா லஞ்சுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவள் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினாள்.

ஓஸ்வால்ட் உருண்டையான மனிதர். தன் கடை மெத்தைகளுக்கு அவரே விளம்பரம்போல இருந்தார். மொட்டை மாடிக் கதவின் பூட்டைத் திறந்தபடியே, "காத்துதான் மேடம்," என்றார். "எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றேன். ஆண்டவர் அனுப்பின காத்து. அதுக்கு நான் பொறுப்பா, என்ஜினியர் பொறுப்பா?"

"காத்து ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் குடுத்தா எல்லாருக்கும் சௌகரியம்," என்றான் சில்வெஸ்டர்.

விழுந்த பலகையை அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். தெருப்பக்கக் கைப்பிடிச் சுவருக்குள்ளே அதன் கால்கள் மட்டும், முழங்கால் உயரத்துக்கு, முன்புறம் வளைந்து நின்றன. ஒரு ஓரத்தில் தரையே பெயர்ந்து, போல்ட்டுகள் வேரோடு பிடுங்கின செடி மாதிரி வெளியே வந்திருந்தன. பாமா குனிந்து பார்த்தாள். துரு இல்லை. கனமான நல்ல போல்ட்டுகள். மட்டமான பொருளைப் போட்டு ஏமாற்றியவர்கள் யாருமில்லை. நல்ல பிடிமானத்தையே பிய்த்து எடுக்கிற அளவுக்கு ஏதோ தள்ளியிருக்கிறது.

கால்களின் பின்பக்கம் பச்சை நைலான் கயிற்றுத் துண்டுகள் தொங்கின. ஒவ்வொரு காலிலும் ஒன்று, ஒரே உயரத்தில்.

"இங்க துணி காயப் போடுவீங்களா?"

"இல்லயே," என்றார் ஓஸ்வால்ட். அவரும் குனிய முயன்று பாதியில் நிறுத்தினார். "இது என்ன கயிறு? நான் பாத்ததே இல்ல."

சில்வெஸ்டர் ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். ஒரு வளையம், ஒரு வால். வால் வளையத்துக்கு அடியில் நேர்த்தியாகச் செருகியிருந்தது. எல்லா முடிச்சும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருந்தன.

"மேடம், எங்கப்பா கவர்மெண்ட் ஆபீஸ்ல பியூன். இது ஃபைல் மூட்டை கட்டற முடிச்சு. ஒரே இழுப்புல அவுந்துடும். ஆனா சர்வீஸ்ல யாரும் இழுத்ததா வரலாறு இல்ல."

பாமா ஓஸ்வால்ட் பக்கம் திரும்பினாள். "சார், நேரா கேக்கறேன். ரயில்ல போறவங்களுக்குப் பக்கவாட்டுல இந்தப் பலகையோட பின்பக்கம் நல்லா தெரியும். அதுல வேற கம்பெனி விளம்பரம் கட்ட யாருக்காவது வாடகைக்கு விட்டீங்களா?"

ஓஸ்வால்ட் முகம் சிவந்தது. "டோரீன் முதுகுல வேற கம்பெனி விளம்பரமா? நான் சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டாமா மேடம்?"

அந்தப் பதிலில் பொய் இருப்பதாகப் பாமாவுக்குத் தோன்றவில்லை.

"கடைசியா மேல எப்ப வந்தீங்க?"

"கிறிஸ்மஸ் ஸ்டாரை இறக்க ஆள் வந்தப்ப. ஜனவரி முதல் வாரம். லைட் தானா எரியும், தானா அணையும். மேல வேலையே கிடையாது."

"அதுக்கப்புறம் வேற யாராவது?"

"யாருமில்ல. சாவி என்கிட்டதான் இருக்கு. இன்னி வரைக்கும் யாரும் கேக்கல."

பாமா அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு, "கீழ இருந்து பாக்கும்போது எழுத்துக்குப் பின்னாடி எதுவும் தெரியலயா?" என்று கேட்டாள்.

"வெள்ளையா தெரியும். மேகம்னு நெனச்சேன்."

"நாலு மாசமா, அதே இடத்துல," என்றான் சில்வெஸ்டர்.

"தெருவுல போறப்ப யார் தம்பி அண்ணாந்து பாக்கறா? குழியைப் பாத்து நடக்கவே நேரம் சரியா இருக்கு."

சில்வெஸ்டர் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

பாமா மாடியின் பின்பக்கம் போனாள். அங்கே ஓஸ்வால்டின் சுவரும் அடுத்த அபார்ட்மெண்டின் சுவரும் ஒரு சாண் இடைவெளியில் முதுகைக் காட்டி நின்றன. ஒரு எட்டு வைத்தால் அந்தப் பக்கத்து மாடிப்படித் தளத்திலிருந்து இங்கே வந்துவிடலாம். அதற்குச் சற்று மேலே ஒரு படுக்கையறை ஜன்னல், பலகை நின்ற இடத்தை நேராகப் பார்த்தபடி.

"அங்க யார் இருக்கா?"

"சுந்தரராமன் சார். டி.வி.யில பாத்திருப்பீங்களே. அசோசியேஷன் செக்ரட்டரி. ரிட்டயர்டு கவர்மெண்ட் ஆபீசர். என்ஜினியரை உடனே அரெஸ்ட் பண்ணுன்னு கத்தறாரே, அவர்தான்." ஓஸ்வால்ட் பெருமூச்சு விட்டார். "லைட் வெளிச்சம் ரூமுக்குள்ள வருதுன்னு எனக்கு, கார்ப்பரேஷனுக்கு, போலீசுக்கு, எல்லாருக்கும் கம்ப்ளெயிண்ட். வெள்ளம் மாதிரி வரும். சமாதானமா போகட்டும்னு ஒரு தலையணை அனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டார். ஆனா பொங்கலுக்கு அப்புறம் ஒரு கம்ப்ளெயிண்ட் கூட இல்ல மேடம். ரோட்ல பாத்தா நமஸ்காரான்னு கும்பிடறார். நல்ல மனுஷனாயிட்டார்னு டோரீன் ஜெபத்துல நன்றி சொன்னா."

"லைட்டை நீங்க குறைச்சீங்களா?"

"இல்லயே. அதே லைட்தான்."

மாடிப்படி இறங்கும்போது சில்வெஸ்டர் மெதுவாகச் சொன்னான். "கம்ப்ளெயிண்ட் பண்றவர் நிறுத்தினா ரெண்டே காரணம் மேடம். ஒண்ணு, ஆள் போயிட்டார். ரெண்டு, காரியம் முடிஞ்சுது. ஆள் டி.வி.யில கத்திட்டிருக்கார்."

"கயிறும் முடிச்சும் போதாது. அந்தத் துணி எங்க?"

"துணியா இருக்காது. ஃப்ளெக்ஸ். நம்ம ஊர்ல தெருவுல ஒரு ஃப்ளெக்ஸ் விழுந்தா அதுக்கு அனாதையா இருக்கக் கொடுத்து வைக்காது. இந்நேரம் எவனுக்காவது கூரையாயிருக்கும்."

தெருவில் பழ வண்டி, பூ வண்டி, இளநீர் வண்டி எல்லாவற்றின் கூரையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருவரும் நடந்தார்கள். கடைசியில் சில்வெஸ்டர் ஒரு மசாலாபூரி வண்டியின் முன் நின்றான். பசி என்று பாமா நினைத்தாள். பசியும்தான். தட்டை வாங்கிக்கொண்டு கூரைக்கு அடியில் தலையை நுழைத்தவன், மென்றுகொண்டே மேலே பார்த்து, மெல்லுவதை நிறுத்தினான்.

"மேடம், கொஞ்சம் உள்ள வாங்க."

கூரையின் மேல்பக்கம் வெறும் வெள்ளை. உள்பக்கம் கன்னடத்தில் சிவப்பு எழுத்துகள் தலைகீழாக ஓடின. சில்வெஸ்டர் கழுத்தை வளைத்து எழுத்துக் கூட்டி வாசித்துத் தமிழில் சொன்னான்.

"ஆபத்தான விளம்பரப் பலகைகளை அகற்றுங்கள்."

எழுத்துகளுக்குப் பக்கத்தில், கிழிசலுக்குத் தப்பிய ஒரு மூக்குக் கண்ணாடியும் பாதி மீசையும். அடியில் அபார்ட்மெண்ட் அசோசியேஷனின் பெயர். ஓரத்து ஓட்டைகளில் பச்சை நைலான் கயிறு. அதே வளையம், அதே வால்.

வண்டிக்காரனிடம் பாமா கன்னடத்தில் விசாரித்தாள். வெள்ளிக்கிழமை மழையில் ரோட்டில் கிடந்தது, இரட்டையாக மடித்திருந்தது, நல்ல கெட்டி, அதனால் எடுத்துக்கொண்டேன் என்றான் அவன். திருப்பிக் கேட்பார்களோ என்று பயந்தான். அவள் போனில் படம் எடுத்துக்கொண்டு, இதை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

"போராட்டத்துக்கு அடிச்ச பேனர்," என்றான் சில்வெஸ்டர். "அகற்றுங்கள்னு எழுதியிருக்கு. அதுவே அகற்றிடுச்சு."

பாமா சிரிக்கவில்லை. மரியா டீச்சர் கால் அசைக்க முடியாமல் கிடந்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கலாம்.

சுந்தரராமன் இஸ்திரி போட்ட சட்டையில், விபூதி கலையாமல், தலை வாரித் தயாராக இருந்தார்.

"வாங்கோ, உக்காருங்கோ. எந்த சேனல்?"

"சேனல் இல்ல சார்," என்றான் சில்வெஸ்டர். "நாங்க ரேடியோ அளவுக்குக் கூட வர மாட்டோம்."

பாமா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். என்ஜினியருக்காக வந்திருக்கிறோம் என்று கேட்டதும் அவர் முதுகு நிமிர்ந்தது. இப்படிப்பட்ட என்ஜினியர்களால்தான் நாடு கெடுகிறது என்று ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் பேசினார். டி.வி.யில் பேசியதே வார்த்தை மாறாமல் வந்தது. அதற்குள் அவர் மனைவி காபி கொண்டுவந்தார். மெலிந்த உருவம், கண்ணைச் சுற்றிக் கருவளையம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடந்தார்.

"வெளிச்சம் ஆகாதா மாமி?" என்றாள் பாமா.

"ஒத்தத் தலைவலி. அந்தக் கடை லைட் கண்ணுல பட்டாலே வாந்திதான். எத்தனை திரை போட்டாலும் இடுக்குல வந்துடும்."

"இப்ப தூக்கம் வருதா?"

"பொங்கலுக்கு அப்பறம் நன்னா தூங்கறேன். ராத்திரி ரூம் கும்மிருட்டா ஆயிடுத்து. எப்படின்னு கேட்டேன், ஏற்பாடு பண்ணிட்டேன்னார்." அம்மாள் கணவரைப் பார்த்தார். "இப்ப போர்டே கிடையாது. ஆனா வெள்ளிக்கிழமைலேர்ந்து இவர் தூங்கறதில்ல. விடிய விடிய நாற்காலில உக்காந்திருக்கார்."

பாமா போனை எடுத்து மசாலாபூரி வண்டியின் கூரைப் படத்தை அவர்முன் வைத்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சுந்தரராமன் தன் பாதி மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபியில் ஆடை படிந்தது.

"எல்லாருக்கும் எழுதினேன்," என்றார் கடைசியில். குரல் டி.வி. குரல் அல்ல. "யாரும் வரல. இவ தலையைச் சுவத்துல முட்டிண்டு அழுவா. அசோசியேஷன் பேனர் சும்மா கிடந்தது. சங்கராந்திக்கு மறுநாள் காலம்பற அந்தப் பக்கம் போயி நானே கட்டினேன். வெறும் பேனர்தானே அம்மா. அவ்வளவு பெரிய இரும்பை ஒரு துணி என்ன பண்ணிடும்?"

"பாய்மரக் கப்பலைத் துணிதான் சார் நகர்த்தறது," என்றாள் பாமா.

அவர் தலையை ஆட்டினார். "போர்டு விழுந்து, பேனர் காத்துல பறந்து ரோட்டுக்குப் போனதைப் பார்த்தேனே, அப்பவே புரிஞ்சுபோச்சு. கீழ அந்த டீச்சரை ஆட்டோல ஏத்தறா. நான் இங்க நின்னுண்டிருக்கேன். மறுநாள் டி.வி.காரன் மைக்கை நீட்டினான். என்ஜினியர் பேர் என் வாய்ல முந்திண்டு வந்துடுத்து. ஒரு தடவை கத்தினா நிறுத்தவே முடியல."

"ஏன்னா?" என்றார் அவர் மனைவி. அது ஒன்றுதான் கேட்டார். அவர் ஆடை படிந்த காபியை நகர்த்தி வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, நாளைக் காலையில் தானே ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்னார் சுந்தரராமன். "என் மேல புகாரை நானே எழுதிக் கொடுத்துடறேன். அவாளை எழுத விட்டா தப்பும் தவறுமா எழுதுவா." அந்தச் சமயத்திலும் அவருக்கு அது கவலையாக இருந்தது.

தெருவுக்கு வந்ததும் சில்வெஸ்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "கேஸ் முடிஞ்சுது. நம்ம என்ஜினியர் சுத்தம். அனன்யாவுக்குப் போன் போடட்டுமா?"

"போடு. நேர்ல வர்றோம்னு மட்டும் சொல்லு."

"ஏன் மேடம், மூஞ்சி இப்படி இருக்கு? ஜெயிச்சிருக்கோம்."

"ஜனவரியில கட்டினது மே வரைக்கும் அங்கயேதான் இருந்தது. நடுவுல மார்ச்."

சில்வெஸ்டர் இரண்டு அடி நடந்து நின்றான். 

"மாடிச் சாவியை யாருமே கேக்கலன்னார் ஓஸ்வால்ட்," என்றாள் பாமா. "பின்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தா சின்னக் குழந்தை கூட அந்த பேனரைப் பார்த்திருக்கும். நம்ம ஆள் உறுதியா இருக்குன்னு கையெழுத்து போட்டிருக்கார்."

சீனிவாசராகவனின் வீடு ராஜாஜிநகரில். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அனன்யா விஷயத்தை முழுவதும் கேட்டாள். பிறகு அழுதாள். பிறகு, வக்கீலுக்குச் சொல்ல வேண்டும் என்று போனைத் தேடினாள்.

"அப்பா, உங்க டிசைன் சரி. அந்தாளு பேனர் கட்டினதாலதான் விழுந்தது. அவரே ஒத்துக்கிட்டார். கேட்டுதா அப்பா?"

ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்திருந்த சீனிவாசராகவன் மகளைப் பார்க்காமல் பாமாவைப் பார்த்தார்.

"எந்த மாசம் கட்டினார்?"

 அந்தக் கேள்வியை அவர் கேட்காமலிருந்தால், தான் அதை எப்படி ஆரம்பிப்பது என்று பாமா வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஜனவரி சார்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "நெனச்சேன். பின்னாடி ஏதோ இருந்திருக்கணும்னு அன்னிக்கே தெரியும். மார்ச்சுக்கு முன்னாடியா பின்னாடியான்னுதான் நாலு நாளா கேட்டுண்டிருக்கேன்."

"அப்பா?"

"மார்ச்ல நான் கார்லேர்ந்து இறங்கவே இல்லம்மா. சிக்னல்ல நின்னப்போ ஜன்னல் வழியா பார்த்தேன். நேரா நின்னுது. எல்லாப் போர்டும் நேராத்தான் நிக்கும், விழற வரைக்கும். வீட்டுக்கு வந்து கையெழுத்து போட்டுட்டேன்."

அனன்யாவின் குரல் தாழ்ந்தது.  "இதை யாரும் கேக்கலயே அப்பா. அந்தாளு கட்டினார்ங்கறது போதும்." பாமாவிடம் திரும்பினாள். "போதும்தானே மேடம்?"

"வக்கீலுக்குப் போதும்," என்றாள் பாமா. "என் ரிப்போர்ட் உங்க கைக்குத்தான் வரும். அதுல ரெண்டு பாதியும் இருக்கும். எந்தப் பாதியைக் காட்டறதுங்கறது உங்க இஷ்டம்."

வெளியே வேப்பமரம் சலசலத்தது. சீனிவாசராகவன் எழுந்து, கொடியிலிருந்த மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்த டீச்சர் எந்த ஆஸ்பத்திரி?"

ஆஸ்பத்திரி வார்டில் மரியா டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். டி.வி.யில் பார்த்த முகம்தான். சீனிவாசராகவன் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி சொல்ல வேண்டியதைச் சொன்னார். பேனரைப் பற்றிச் சுருக்கமாக; தான் காரிலிருந்து இறங்காததைப் பற்றி முழுவதுமாக. பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டார்கள். அனன்யா கதவருகே நின்றாள். பாமாவும் சில்வெஸ்டரும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

"என்னை மன்னிக்கணும்," என்று முடித்தார் சீனிவாசராகவன்.

 ஒரு மாணவனின் விடைத்தாளில் எங்கோ ஒரு கணக்கு இடிக்கிறது என்பதுபோல மரியா நெற்றியைச் சுருக்கினார்.

"இதே மாதிரி, இறங்காம, வேற எத்தனை போர்டுக்குக் கையெழுத்து போட்டீங்க சார்?"

இந்தக் கேள்வியைப் பாமா கேட்டிருக்க வேண்டும். போலீஸ் கேட்டிருக்க வேண்டும். டி.வி.யில் கத்தியவர்களில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். சீனிவாசராகவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். 

"இருக்கு," என்றார். "அத்திபெலேல ஒரு கல்யாண மண்டபம் மேல. சிவாஜிநகர்ல பஸ் ஸ்டாண்ட் கிட்ட. இன்னும் இருக்கு."

ஜன்னல் கதவு ஒன்று தானாக அடித்துக்கொண்டது. நர்ஸ் ஓடிப்போய்க் கொக்கி போட்டார். கண்ணாடிக்கு வெளியே மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"மன்னிப்பு அப்புறம் கேக்கலாம்," என்றார் மரியா. "அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. முதல்ல போன் பண்ணுங்க. அந்தப் போர்டுக்குக் கீழ யாரையும் நிக்க விடக் கூடாதுன்னு சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். அனன்யா வந்து எண்ணை அழுத்திக் கொடுத்தாள். அத்திபெலே மண்டபத்து ஓனர் எடுத்தார். ஏதோ கல்யாணம் நடந்துகொண்டிருந்தது போலிருக்கிறது, நாதஸ்வரச் சத்தம் வார்டு வரைக்கும் கேட்டது.

"நான் என்ஜினியர் சீனிவாசராகவன் பேசறேன். வாசல்ல நிக்கறவாளை உடனே உள்ள அனுப்புங்கோ. உங்க போர்டு பத்திரமா இருக்கான்னு எனக்குத் தெரியாது."

மறுமுனையில் ஓனர் சிரித்தார். "என்ன சார் வெளையாடறீங்க? நல்லா இருக்குன்னு நீங்கதானே கையெழுத்து போட்டுக் குடுத்தீங்க. ஃப்ரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கேன். போர்டை யார் நம்பறா, உங்க கையெழுத்தை நம்பித்தான் வெச்சிருக்கேன்."

சீனிவாசராகவன் போனை இறுகப் பிடித்தார். முப்பத்தைந்து வருஷம் அந்தக் கையெழுத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. இப்போது அதை எதிர்த்து வாதாட வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

"அது பார்க்காம போட்டது," என்றார்.

"என்ன சார், கேக்கல. இங்க ஒரே மேளச் சத்தம்."

அவர் எழுந்து நின்றார். வார்டு முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, நாதஸ்வரத்துக்கு மேலே கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நான் பார்க்காம போட்ட கையெழுத்து அது. நம்பாதீங்கோ. எல்லாரையும் உள்ள அனுப்புங்கோ."

மேளச் சத்தம் நின்றது. யாரோ யாரையோ கூப்பிடுவதும், நாற்காலிகள் இழுபடுவதும் கேட்டன. சீனிவாசராகவன் போனை மகளிடம் நீட்டி, சிவாஜிநகர் நம்பரைப் போடச் சொன்னார். பாமா அதற்குள் அந்த பஸ் ஸ்டாண்டுக்கே நேரில் போய்விட வார்டை விட்டு வெளியேறிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். சில்வெஸ்டர் அவளுக்கு முன்னால் ஓடிப்போய், மழைக்குள் கையை நீட்டி ஆட்டோவை மறித்தான்.